துப்பாக்கி வூட்டு அக்கா

எங்கள் அக்கா காலமாகி ஒரு வருசம் ஆகிறது. இன்று வந்திருக்கும் உறவுகளுக்கும் சிநேகிதர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி உடன்பிறந்தவன்தான் எழுத வேண்டும் என்று அக்கா மகள் சொல்லிவிட்டாள். எழுதுகிறேன். நீளமாக எதிர்பார்க்க வேண்டாம்.

அக்கா பிறந்தது ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் குப்பத்தில். வீட்டில் மூத்தவர். நைனா ஏரியில் வலை கட்டினார். அம்மா இறால் விற்றார். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் கூடையை அக்கா தூக்கினார். பழவேற்காட்டில் மீன் எடுத்து, பஸ் ஏறி, பொன்னேரி மார்க்கெட்டில் விற்பார். கூடை நாறுகிறது, ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொன்னால் அக்கா சண்டை போட மாட்டார். கூடையைப் படியில் வைத்துவிட்டு, "சரிப்பா, கூடை இந்த பஸ்ல போவட்டும். நான் அடுத்த பஸ்ல வரேன்" என்பார். கண்டக்டர் சிரித்துவிடுவார். இரண்டும் ஏறும்.

மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தோம். மாமா பட்டாளத்தில் இருந்தார். எங்கள் குப்பத்திலிருந்து முதலில் பட்டாளம் போனவர் அவர்தான். "கடல்காரனுக்கு மலைமேல இன்னா வேலை?" என்று நைனா கேட்டார். ஆனாலும் பெண் கொடுத்தார். மாமா லீவில் வருவார், போவார். அக்கா தனியாகவே குடும்பம் நடத்தினார். ஒரே பெண் குழந்தை.

பட்டாளம் முடிந்து வந்த மாமாவுக்குக் கடல் ஒத்துவரவில்லை. கை மறந்துவிட்டது என்றார். அதன் பிறகுதான் இரும்பு பொறுக்க ஆரம்பித்தார். எங்கள் பக்கம் வலையில் மீனோடு சில நேரம் குண்டும் வரும். டச்சுக்காரன் கோட்டை இருந்த ஊர் இது. பழைய உருண்டைக் குண்டு, பித்தளைத் தோட்டா உறை, எல்லாம் மண்ணில் கிடக்கிறது. குண்டைச் சிலர் நங்கூரத்துக்குக் கட்டியிருந்தார்கள். ஒருத்தர் பட்டாளத்து இரும்புத் தொப்பியை வைத்துப் படகில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மாமா அவருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்துத் தொப்பியை வாங்கினார். வாளி உடைந்த பிறகு அவர் தொப்பியைத் திருப்பிக் கேட்டார். பிறகு பார்க்கும்போதெல்லாம் கேட்டார்.

பழவேற்காடு டவுனில் ஒரு பாய் இருக்கிறார். மாமாவின் கூட்டாளி. அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் பர்மாவுக்குச் சண்டைக்குப் போனவர். தாத்தா வாங்கிய மெடல்களை பாய் கொடுத்தார். குப்பத்திலும் சுற்று வட்டாரத்திலும் பட்டாளம் போனவர்கள் வீட்டிலிருந்து போட்டோ, பெல்ட், தண்ணீர் குடுவை என்று ஒவ்வொன்றாக வந்தது. ஊரில் புதிதாக ஏலக்கூடம் கட்டிய பிறகு பழைய வலைக் கொட்டாய் சும்மா கிடந்தது. அதை ஊர் மாமாவுக்கு விட்டது. 'போர் வரலாற்றுக் காட்சிக்கூடம்' என்று மாமா போர்டு எழுதினார். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. துப்பாக்கி வூடு என்றார்கள். அங்கே துப்பாக்கி ஒன்றுகூடக் கிடையாது.

மாமா ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்ததும் கொட்டாயைப் பூட்டிவிடுவார்கள் என்று நினைத்தோம். அக்கா திறந்தார். பாய் வந்து, "தங்கச்சி, உனக்கு எதுக்கும்மா இந்தப் பாடு? சண்டையப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியாது பாய். அவரு தொறந்து வெச்சிட்டுப் போனாரு. மூடுன்னு சொல்லல" என்றார் அக்கா.

அன்று முதல் அவருக்குத் துப்பாக்கி வூட்டு அக்கா என்று பேர். காலையில் மீன் விற்பார். பொன்னேரியிலிருந்து வந்து, குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு கொட்டாயைத் திறப்பார். ஏரி பார்க்கப் படகு ஏறி வருகிறவர்கள் எட்டிப்பார்ப்பார்கள். "துப்பாக்கி எங்கம்மா?" என்பார்கள். "துப்பாக்கி இல்ல. சுட்டது இருக்குது, சுட்டவங்க போட்டோ இருக்குது, வாங்க" என்பார். எந்தச் சண்டை, எந்த வருசம் என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவார். "இது இன்னார் வூட்டுது. அவங்க வூடு அதோ. போய்க் கேளுங்க, சொல்லுவாங்க" என்று கை காட்டுவார். வந்தவர்கள் ஊருக்குள் போய்க் கேட்பார்கள். சில வீட்டில் மோர் கொடுத்தார்கள். சில வீட்டில் வைதார்கள்.

அக்கா செய்ததெல்லாம் சரி என்று எழுத மாட்டேன். உப்புக்காற்றில் எல்லாம் வீணாகிறது என்று படகுக்குப் பூசும் மீன் எண்ணெயை எடுத்து எல்லாவற்றுக்கும் பூசினார். குண்டுக்குப் பூசினார். பெல்ட்டுக்கும் பூட்ஸுக்கும் சேர்த்துப் பூசினார். மறுநாள் குப்பத்துப் பூனை அத்தனையும் கொட்டாய்க்குள். மாமாவின் பெல்ட்டில் பாதி இல்லை. ஒரு பூட்ஸின் நாக்கைக் காணோம். "மாமா பார்டர்ல காப்பாத்தி வெச்சதைப் பூனை தின்னுடுச்சு" என்று நான் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி நின்று சிரித்தார். மீதி பெல்ட்டை அப்படியே மாட்டினார். யாராவது கேட்டால், "பூனை கடிச்சது" என்று உள்ளதைச் சொன்னார்.

ஒரு மழையில் ஏரித் தண்ணீர் கொட்டாய்க்குள் வந்தது. எல்லாவற்றையும் படகில் ஏற்றி பாய் வீட்டு மாடிக்குக் கொண்டுபோனோம். பாய், "குண்டு, தோட்டா, தொப்பி எல்லாம் எம் மாடில கீது. போலீஸ் வந்தா நான் இன்னா சொல்றது?" என்றார். "எந் தங்கச்சி வூட்டு சாமான்னு சொல்லு பாய்" என்றார் அக்கா. தண்ணீர் வடிந்ததும் சேறு அள்ளினோம். கொரோனா வந்தபோது பஸ் இல்லை, மார்க்கெட் இல்லை, பார்க்க வருகிறவர் ஒருத்தரும் இல்லை. அப்போதும் அக்கா திறந்து, பெருக்கி, மூடினார்.

இதெல்லாம் தாங்கினார். ஊர் எதிர்த்தபோதுதான் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்தார்.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நைனாவின் தம்பி. அவர் மகன் மாமாவைப் பார்த்துப் பட்டாளம் போனவன். பனிமலையில் காவலில் இருந்தபோது இறந்தான். உடல் வந்தது. அடக்கம் செய்தோம். காரியமும் முடிந்தது. அதற்கப்புறம் ஒரு இரும்புப் பெட்டி வந்தது. அதில் அவன் உடுப்பு.

இறந்தவர் துணியை எங்கள் ஊரில் வீட்டில் வைப்பதில்லை. காரியத்தன்று தண்ணீரில் விட்டுவிடுவோம். விடாவிட்டால் போனவருக்கும் நிம்மதி இல்லை, தொழிலுக்கும் ஆகாது என்பது வழக்கம். இந்த உடுப்பு காரியம் முடிந்த பிறகு வந்தது. அவனைப் பெற்ற சின்னம்மாவுக்கு விட மனசு வரவில்லை. சித்தப்பா கடலுக்குப் போயிருந்தபோது அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அக்கா அதை மடிப்புக் கலையாமல் கொட்டாயில் ஆணியில் மாட்டினார். சித்தப்பா வந்து பார்த்தார். அன்றோடு எங்கள் வீட்டுப் பேச்சை விட்டார். கொட்டாய்ப் பக்கம் நடக்கவும் மாட்டார். அவர் கடலுக்குப் போன நாட்களில் சின்னம்மா வந்து அந்தச் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அக்கா வெளியே போய்விடுவார்.

பிறகு ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை மண் அடைத்தது. ஏரியில் மீன் குறைந்தது. இளவட்டங்கள் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் வேலைக்குப் போனார்கள். கிடைக்கிற மீனையும் ஐஸ் வைத்துக் காக்க இடம் இல்லாததால் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தோம். ஐஸ் பெட்டி வைக்கக் கொட்டாயைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. அது நியாயமான பேச்சு. நானும் மீன் பிடிக்கிறவன்தான். அதோடு இன்னொரு பேச்சும் சேர்ந்தது. செத்தவங்க துணியைத் தொங்கவிட்டிருக்கிறதால்தான் ஏரி இப்படி ஆச்சு என்று.

கோயில் முன்னால் ஊர் கூடியது. பெண்கள் ஓரமாக நின்றார்கள். தலைவர் பேசினார். சித்தப்பா எழுந்து, "அந்தத் துணி அங்க தொங்கறவரிக்கும் எனக்குச் சோறு எறங்கல. கொட்டாய எடுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார்.

அக்கா முன்னால் வந்தார். "தலைவரே, கொட்டாய் என்னுது இல்ல. ஊருது. சாவி எங்கிட்ட இருக்கறது தப்புதான். அதை ஊர் எடுத்துக்கட்டும். ஆனா ஏரில வெச்சிருக்கற மாதிரி அதையும் பாடு வெச்சிடுங்க."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று ஊர் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறது. அதுதான் பாடு. ஒருத்தர் முறையில் இன்னொருத்தர் இறங்க முடியாது. தன் முறையில் வலை கட்டாமல் வீட்டில் படுத்திருப்பவரை ஊரில் மதிக்க மாட்டார்கள்.

"யார் வூட்டுச் சாமான் அங்க இருக்குதோ அந்த வூட்டுக்கு ஒரு வாரம் மொறை" என்றார் அக்கா. "தொறக்கறதும் அவங்க, பெருக்கறதும் அவங்க. அவங்க சாமானை எடுத்துக்கணும்னாலும் அவங்க மொறைல எடுத்துக்கட்டும். நான் தடுக்க மாட்டேன். ஒரு சுத்து பாருங்க. ஒரு வூடு தொறக்காம விட்டாலும் கொட்டாய் ஐஸுக்கு."

கூட்டத்தில் ஒருத்தர், "பொம்பளைக்கு ஏதும்மா பாடு? உன் வூட்டுப் பாடு மாமனோட போச்சே" என்றார். அது உண்மைதான். ஏரிப் பாட்டில் ஆண் பேர்தான் இருக்கும். மாமா போனதும் அவர் பேர் எடுக்கப்பட்டது.

"ஏரில கேக்கலப்பா. கொட்டாயில கேக்கறேன்."

பாயும் வந்திருந்தார். "தலைவரே, எங்க தாத்தா மெடலும் கீது. எனக்கும் ஒரு சீட்டுப் போடுங்க" என்றார். "நீ குப்பத்துக்காரனா பாய்?" என்று யாரோ கேட்டார்கள். "உங்க குண்டு எம் மாடில இருந்தப்போ நான் அதைக் கேட்டனா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சீட்டுப் போட்டார். அக்கா பேருக்கும் ஒன்று. எங்கள் ஊரில் பெண் பேர் எழுதின சீட்டு அதுதான் முதல்.

சித்தப்பா போகும்போது, "எம் மொறை வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

சுற்று ஆரம்பித்தது. இரும்புத் தொப்பிக்காரர் தன் முறையில் தொப்பியை எடுக்கப்போகிறார் என்று நினைத்தோம். அவர் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கதை விட்டார். பாதி பொய். பாய் தினமும் வண்டியில் வந்து திறந்தார். ஒரு வீட்டில் ஆண்கள் எல்லாரும் கடலில் இருந்தபோது மருமகள் திறந்தாள். ஒரு வீடும் விடவில்லை. கடைசியில் சித்தப்பா முறை வந்தது.

அன்று காலையில் அக்கா வழக்கம்போல் கூடையை எடுத்தார்.

"இன்னிக்குப் போவாதக்கா. அவரு தொறக்கலன்னா எல்லாம் போச்சு" என்றேன்.

"நான் இங்க நின்னா அவரு தொறக்கவே மாட்டாரு" என்றார். போய்விட்டார்.

நான் கொட்டாய்க்கு எதிரில் படகு நிழலில் வலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. சித்தப்பா வந்தார். சாவியை முந்தின முறைக்காரரிடம் கேட்டு வாங்கினார். கதவைத் திறந்தார். உள்ளே போகவில்லை. வாசலில் தன் வலையைப் பரப்பி, முதுகைக் கொட்டாய்க்குக் காட்டி உட்கார்ந்து, கிழிந்த இடத்தில் கண்ணி போட்டார். சாயங்காலம் பூட்டினார். அடுத்த நாளும் அப்படியே.

பொன்னேரி காலேஜ் பிள்ளைகள் சிலர் வந்தார்கள்.

"ஐயா, துப்பாக்கி எங்க இருக்குது?"

"இல்ல."

"அப்ப இன்னா இருக்குது?"

"உள்ள போய்ப் பாரு. நான் பாக்கல."

அவர்கள் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு பெண், "ஐயா, அந்தப் புது உடுப்பு யாரோடது? ரொம்பச் சின்ன வயசுக்காரர் போல இருக்குதே" என்றாள். சித்தப்பா கண்ணி போட்டுக்கொண்டே இருந்தார். பதில் வராது என்று அவள் நகர்ந்தபோது, "எம் புள்ளைது" என்றார்.

முறை முடிகிற நாளில் சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"எடுக்கட்டா?" என்றார் சித்தப்பா.

சின்னம்மா "மடிச்சு எடு. சுருட்டாத" என்றார்.

படகில் ஏறினார்கள். நான்தான் தள்ளிவிட்டேன். அந்த நேரம் அக்கா பஸ் இறங்கி வெறுங்கூடையோடு கரைக்கு வந்தார். ஏரியில் தூரத்தில் படகு நின்றது. சித்தப்பா குனிந்து உடுப்பைத் தண்ணீரில் விட்டார். சின்னம்மா படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பார்த்தோம்.

கொட்டாயில் இருந்ததிலேயே அதைத்தான் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். "தடுத்திருக்கலாமே அக்கா" என்றேன்.

"அவங்க புள்ள துணிடா" என்றார். கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டார். "சித்தப்பா உள்ள வந்துட்டாருல்ல" என்றார்.

சுற்று முடிந்தது. ஊர் மறுபடி கூடியது. கொட்டாயின் பின்பாதி ஐஸ் பெட்டிக்கு, முன்பாதி துப்பாக்கி வூட்டுக்கு என்று முடிவானது. பாடு தொடரட்டும் என்றார்கள். இடம் பாதியானது. மீன் வாடை முழுசாக வந்தது. பார்க்க வருகிறவர்கள் சிலர் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஏரி இன்னும் சரியாகவில்லை. உடுப்பை விட்டதால் மீன் வந்தது என்று யாராவது சொன்னால் அது பொய்.

அந்த ஆணியை அக்கா பிடுங்கவில்லை. வேறு எதையும் மாட்டவில்லை. சித்தப்பா தன் முறை வரும்போது இப்போது உள்ளேதான் உட்காருகிறார். இங்கே இன்னா இருந்துச்சு என்று யாராவது கேட்டால், "எம் புள்ள சட்டை. தண்ணில விட்டுட்டோம்" என்பார். அவ்வளவுதான். கேட்டவர்கள் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கூடையைத் தூக்க வேண்டாம் என்றோம். சின்னக் கூடையாக மாற்றினார். பிறகு அதுவும் முடியவில்லை. பொன்னேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். படுக்கையில் இருந்தபோது, "இந்த வாரம் யாரு மொறை?" என்று கேட்பார். சொல்வேன். "பெருக்கறாங்களா?" என்பார். பெருக்குகிறார்கள் என்பேன். மகளிடம் பேத்தியின் படிப்பைப் பற்றிப் பேசினார். என்னிடம் பீடியை விடச் சொன்னார். வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். கூட்டிவந்தோம். வீட்டில்தான் உயிர் போனது.

அக்காவைத் தூக்கிப் போகும்போது கொட்டாய்க் கதவு திறந்திருந்தது. அது யார் முறையோ அவர்கள் திறந்து வைத்திருந்தார்கள். அக்கா புடவைகளைக் காரியத்தன்று ஏரியில் விட்டோம். அக்கா போட்டோவை அந்த ஆணியில் மாட்டலாம் என்று சிலர் ஆசையாகக் கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். அந்த ஆணி சித்தப்பாவுடையது. அக்கா எந்தச் சண்டைக்கும் போனவர் இல்லை.

அக்காவின் கடைசி நாட்களில் கூட இருந்து பார்த்த பொன்னேரி ஆஸ்பத்திரி நர்சம்மாக்களுக்கும், ஆட்டோ கொண்டுவந்து வாசலிலேயே காத்திருந்த தம்பிக்கும், அக்கா இடத்தை யாருக்கும் விடாமல் அவர் வருவார் என்று காலியாக வைத்திருந்த மார்க்கெட் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாய் குடும்பத்துக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பாய் தோள் கொடுத்தார். அவர் வீட்டிலிருந்து மூன்று வேளையும் சாப்பாடு வந்தது. ஊருக்கும் தலைவருக்கும் நன்றி.

சித்தப்பாவுக்கு நன்றி எழுதினால் கோபித்துக்கொள்வார். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். காரியம் முடிந்து ஊர் கூடியபோது, கொட்டாய்ப் பாட்டிலிருந்து அக்கா பேரை எடுத்துவிடலாமா என்று தலைவர் கேட்டார். இறந்தவர் பேரை எடுப்பதுதான் முறை. மாமா பேரையும் அப்படித்தான் எடுத்தார்கள். என் வீட்டுக்கு என்று தனியாகச் சீட்டு இல்லாததால் நான் வாயைத் திறக்கவில்லை.

சித்தப்பா எழுந்தார். "பேரு இருக்கட்டும். அவ மொறைல நான் தொறக்கறேன்."

"உனக்குத்தான் தனியா மொறை இருக்குதேப்பா" என்றார் தலைவர்.

"அது எம் மொறை. இது அவ மொறை" என்றார் சித்தப்பா.

அப்படித்தான் நடக்கிறது.